நான்காம் கேள்வி

மொந்தேவிதேயோவில், செர்ரோ மேட்டின் கீழ்ப்பக்கம்,
துறைமுகக் காற்று கதவை உதைக்கும் மருத்துவ நிலையத்தில்
என் வேலை கேட்பது.
ஊசி போடுபவள் அல்ல, மருந்து தருபவளும் அல்ல.
பெயர், வயது, தெரு
இந்த மூன்று வரை எல்லோரும் என் கண்ணைப் பார்ப்பார்கள்.
நான்காவதில் மேசையைப் பார்ப்பார்கள்.

"கடந்த ஓராண்டில் உறவு கொண்டது
ஆணோடா, பெண்ணோடா, இரு பாலரோடுமா?"

இதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன்,
ரொட்டிக் கடையில் எத்தனை வேண்டும் என்று கேட்கிற குரல்.
அது வாயில் படிய ஆறு மாதம் ஆயிற்று.

வால்தெமார், ஐம்பத்திரண்டு வயது.
"மனைவியோடு மட்டும்" என்றார்.
கேட்காமலே சேர்த்துக்கொண்டார்:
"கப்பலில் இருந்த காலத்தை விட்டுவிடுங்கள்."
எடை குறைகிறது என்று மூன்று மருத்துவர்களிடம் போயிருக்கிறார்.
விரலில் மோதிரம் இருந்தது.
அந்த ரத்தப் பரிசோதனையை ஒருவரும் எழுதவில்லை.
முடிவு வந்தபோது தெரிந்தது
எட்டு வருஷமாக அது அவருக்குள்
வாடகை தராமல் குடியிருந்திருக்கிறது.

லியாந்த்ரோவுக்கு நேர்மாறு.
"கணுக்கால் பிசகி வந்தாலும் என் ரத்தம்தான் வேண்டும் உங்களுக்கு."
சலூன் கத்தரியின் வேகம் பேச்சிலும் இருந்தது.
மூன்று மாதத்துக்கொரு முறை எடுத்தார்கள், நிஜம்தான்.
சிறுநீரையும் பார்த்தார்கள்.
தொண்டையைத் திற என்று சொல்ல மட்டும்
எல்லோருக்கும் கூச்சம்.
நோய் அங்கேதான் இருந்தது, ஓசையில்லாமல்.
போகும்போது கேட்டான்:
"இரண்டு வருஷமாகத் தூக்கம் வரவில்லை,
அதற்குக் கட்டம் இருக்கிறதா இந்தத் தாளில்?"
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

யாக்கெலின் என்னிடம் "இரு பாலரும்" என்றாள்.
உள்ளே, கணவன் பக்கத்தில் நிற்க,
மருத்துவரிடம் "ஆண்" என்றாள்.
நான் எழுதியதை அடிக்கவில்லை.
அவள் மணிக்கட்டில் மஞ்சளாகிக்கொண்டிருந்த காயத்தை
எங்கே எழுதுவது என்று தெரியாமல்
ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
அடுத்த முறை தனியாகக் கூப்பிட.

ஜூனில் ஒரு நாள் பேருந்து வேலைநிறுத்தம்,
மழை வேறு. ஓர் ஆள்கூட வரவில்லை.
புதிதாகச் சேர்ந்த ஃபாப்ரீசியோ
மாத்தே குவளையை என்னிடம் நீட்டி
"உங்களை வைத்துப் பழகட்டுமா?" என்றான்.
பெயர். வயது. தெரு.
நான்காவதில் அவன் மேசையைப் பார்த்தான்,
கேட்கிறவன்!
சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன்:
"பெண்ணோடு. பத்தொன்பது வருஷமாக ஒரே பெண்ணோடு.
மிர்த்தா என்று பெயர், குறட்டை விடுவாள்."

அவன் அடுத்த வரிக்குப் போனான்:
"கருப்பைவாய்ப் பரிசோதனை கடைசியாக எப்போது?"

அப்படிக் கேட்கக் கூடாது.
நான்காம் கேள்விக்குக் கீழே, பொடி எழுத்தில்,
ஓர் அம்புக்குறி உண்டு:
பெண்ணோடு மட்டும் என்றால் ஒன்பதுக்குச் செல்க.
அவன் அதைக் கவனிக்கவில்லை.
நான் கவனித்திருந்தேன்.
ஒவ்வொரு முறையும், தவறாமல்,
என்னைப் போன்ற பெண்களைக் கைபிடித்து
ஐந்து, ஆறு, ஏழு, எட்டைத் தாண்டி
ஒன்பதில் கொண்டுபோய் விட்டிருந்தேன்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவர்
"ஆண் இல்லையே, உங்களுக்கு எதற்கு?" என்று
கையுறையைக் கழற்றியதும்
எனக்கு வந்தது கோபமில்லை, நிம்மதி.
அதுதான் இப்போது உறுத்துகிறது.
மிர்த்தாவிடம் ஓடிப்போய், வேண்டாமாம், என்று சொன்னேன்.
அவளும் போகவில்லை.

"நேலிதா?" என்றான் ஃபாப்ரீசியோ. "என்ன எழுதட்டும்?"

"பதினோரு வருஷம்" என்றேன்.
பிறகு அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி
அலமாரியில் இருந்த கட்டைப் பிரித்தேன்.
நானூறு தாள். நானூறு அம்பு.
எழுபது அடித்ததும் மை தீர்ந்தது.

முடிவு வர இரண்டு வாரம் என்றார்கள்.
மிர்த்தாவுக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.
இன்னும் அவளிடம் சொல்லவில்லை.